ரீமேப் செய்த லாரா விஆர்எஸ்: நான்காம் கியரில் வழுக்கும் பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச்சைச் சரிசெய்வதா, கிட்டையே மாற்றுவதா?

கோவை லாரா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஸ்கோடா லாரா விஆர்எஸ், 1.8 டிஎஸ்ஐ எஞ்சின், ஆறு வேக மேனுவல் கியர் பாக்ஸ். கம்பெனியிலிருந்து வரும்போது 160 பிஎஸ் திறனும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் கொண்ட இந்த எஞ்சின், முதல் நிலை ரீமேப்புக்கு (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டுவது) பிறகு 335 நியூட்டன் மீட்டர் தருவதாக டைனோ (திறனை அளக்கும் கருவி) அறிக்கை சொல்கிறது. அந்த டார்க்கை ஒரிஜினல் கிளட்ச் தாங்காது என்பதால், டூயல் மாஸ் ஃபிளைவீலை (எஞ்சினோடு சுழலும், அதிர்வைத் தணிக்க இரு பகுதிகளாக அமைந்த கனச் சக்கரம்) கழற்றிவிட்டு, ஒற்றை நிறை ஃபிளைவீலும் 240 மி.மீ. பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச் கிட்டும் பொருத்தியிருந்தேன். முதல் கிட் நன்றாக உழைத்துத் தேய்ந்தது. சென்ற ஆண்டு அதே கிட்டைப் புதிதாக வாங்கிப் போட்டபோது, ஃபிளைவீல் பரப்பில் நீலத் திட்டுகள் இருந்ததால் அதை ஒரு பட்டறையில் கிரைண்டிங் செய்து வாங்கினோம்.

புதிய கிட் சில மாதங்கள் எந்தக் குறையுமின்றிப் பிடித்தது. இப்போது நான்காம் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால், 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் முள் துள்ளி ஏறுகிறது, வண்டியின் வேகம் அதற்கு ஈடாக ஏறுவதில்லை. செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் டிராக் ஓட்டத்தின்போது கருகல் நாற்றமும் வந்தது. நகரப் போக்குவரத்தில் ஓட்டும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. கைப்பிரேக்கைப் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்ச்சை விட்டுப் பார்த்த மெக்கானிக், எஞ்சின் உடனே அணைந்துவிடுவதால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்கிறார். ஒரு பணிமனையில் பிளேட்டுக்கு மட்டும் புது லைனிங் (உராயும் மேலடுக்கு) அடித்தால் போதும் என்கிறார்கள். இன்னொரு பணிமனையில் ஆறு பட்டை செராமிக் கிட் போடாமல் இது தீராது என்கிறார்கள். கியர் பாக்ஸ் இறக்குவதற்கான கூலியே பெரிய தொகை என்பதால், இறக்குவதற்கு முன்பே தெளிவாக முடிவெடுக்க விரும்புகிறேன்.

பற்சக்கரம் எழுதியது:

கைப்பிரேக் சோதனையில் தேறியதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஐடிலிங்கில் எஞ்சின் தரும் டார்க் மிகக் குறைவு என்பதால், பாதி பலம் இழந்த கிளட்ச்சும் அந்தச் சோதனையில் எஞ்சினை அணைத்துவிடும். முழு பூஸ்டில் (டர்போ அழுத்தத்தில்) 335 நியூட்டன் மீட்டரைத் தாங்குகிறதா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

முதலில் வழுக்கலை எண்ணில் பிடியுங்கள். வண்டியின் கணினியிலிருந்து தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியில் ஆர்பிஎம்மையும் வேகத்தையும் பதிவுசெய்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். கிளட்ச் முழுமையாகப் பிடித்திருக்கும்வரை, ஒரே கியரில் அந்த விகிதம் மாறவே கூடாது. முன்சக்கரம் சுழன்றால்கூட, சக்கர சென்சார்தான் வேகத்தைச் சொல்கிறது என்பதால் இந்த விகிதம் பெரிதாகக் கெடாது. விகிதம் ஏறினால் வழுக்குவது கிளட்ச்தான். ஓபிடி வேகம் சற்றுத் தாமதித்துக் காட்டும் என்பதால், தாழ்ந்த கியர்களை விட்டுவிட்டு நான்காம், ஐந்தாம் கியர்களில் சோதியுங்கள். பொதுச் சாலையில் முயல வேண்டாம். அடுத்த டிராக் ஓட்டத்தில், ஒருமுறை மட்டும், விகிதம் ஏறத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள்.

ஒருமுறை மட்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 330 நியூட்டன் மீட்டர் கடத்தப்படும்போது 400 ஆர்பிஎம் வழுக்கல் இருந்தால், அங்கே வெப்பமாக மாறுவது ஏறக்குறைய 14 கிலோவாட். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர்கள் ஏழினை ஒரு தட்டின் இரு முகங்களுக்கு இடையே ஒரே நேரத்தில் போட்டுவிட்டதற்குச் சமம். சில விநாடிகளிலேயே லைனிங் பரப்பு பளபளத்து, உராய்வுத் திறனை இழந்துவிடும்.

கோவை லாரா எழுதியது:

பதிவு எடுத்துவிட்டேன். நான்காம் கியரில் 75 கிமீ வேகத்தில் 2,475 ஆர்பிஎம். அதாவது கிமீக்கு 33. அங்கிருந்து முழு ஆக்சிலரேட்டரில் 86 கிமீ வரும்போது 3,000, விகிதம் 34.9. பிறகு 96 கிமீயில் 3,600, விகிதம் 37.5. அத்துடன் காலை எடுத்துவிட்டேன். பாதி ஆக்சிலரேட்டரில் விகிதம் 33-லேயே நிற்கிறது.

மலைப்பாதை எழுதியது:

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அடிக்கடி ஏறி இறங்குபவர் என்றால் ஓட்டும் பழக்கத்தையும் பார்க்க வேண்டும் அண்ணா. கொண்டை ஊசி வளைவில் எதிர் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும்போது, பிரேக்கைப் பிடிக்காமல் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். பரப்பு லேசாகப் பளபளத்திருந்தால், சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டியதும் பிடிப்பு திரும்புவதை ஆர்கானிக் லைனிங்கில் பார்த்திருக்கிறேன்.

பற்சக்கரம் எழுதியது:

லேசான பளபளப்பாக இருந்தால் அது நடக்கலாம். ஆனால் விகிதம் 33-லிருந்து 37.5-க்குப் போனது லேசான நிலை இல்லை. எஞ்சின் சுமார் 430 ஆர்பிஎம் அதிகமாகச் சுற்றுகிறது.

கிளட்ச் தாங்கும் டார்க்குக்குச் சூத்திரம் எளிது: உராய்வு முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, சராசரி ஆரம் ஆகிய நான்கின் பெருக்கல்தான். வெளிவிட்டம் 240, உள்விட்டம் 155 மி.மீ. கொண்ட பிளேட்டில் சராசரி ஆரம் ஏறத்தாழ 100 மி.மீ. வரும். முகங்கள் இரண்டு, கெழு 0.3, விசை 6,000 நியூட்டன் என்று உதாரணத்துக்கு வைத்தால் 360 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. இதில் கெழு 0.25-க்கு இறங்கினால் 300; கெழு அப்படியே இருந்து விசை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 324. இரண்டில் எது நடந்தாலும் உங்கள் 335 அதைத் தாண்டிவிடும். ஆகவே இப்போது தேட வேண்டியது, குறைந்தது உராய்வா, விசையா என்பதைத்தான். இரண்டுக்கும் மருந்து வேறு.

கியர் பாக்ஸை இறக்காமல் பார்க்கக்கூடியவை சில உண்டு. பெடல் முழுவதும் மேலே வந்த நிலையிலும் ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் மிச்சமிருந்தால், ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிப்பது) ஸ்பிரிங் விரல்களை எப்போதும் சற்றுத் தள்ளிக்கொண்டே இருக்கும், அழுத்தும் விசை குறையும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை மூடியிருந்தாலோ, பெடல் மேலே வராமல் ஏதாவது தடுத்தாலோ இப்படி நேரும். வண்டி சூடாக வழுக்கி வந்த உடனே, பெடலைத் தொடாமல், குழாயில் காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் பிளீடர் நிப்பிளைத் தளர்த்துங்கள். திரவம் பீறிட்டால் குறை அங்கே இருக்கிறது. மெதுவாகக் கசிந்தால் அங்கே இல்லை. அடுத்ததாக, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிராங்க் பின்சீல், கியர் பாக்ஸ் உள்தண்டு சீல், ஸ்லேவ் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தை ரிலீஸ் பேரிங்குக்குக் கடத்துவது) மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். தொட்டுப் பார்த்தாலும் முகர்ந்து பார்த்தாலும் எஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா என்பது தெரிந்துவிடும்.

டர்போ திருச்சி எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. ஆறு பட்டை செராமிக் பிளேட்டும் கனமான பிரஷர் பிளேட்டும் போட்டால், இப்போதைய 335-ஐ மட்டுமல்ல, நாளை டர்போவை மாற்றினாலும் தாங்கும். ஒரே கூலியில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

பற்சக்கரம் எழுதியது:

தாங்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டைகள் மெல்ல மெல்லப் பிடிப்பவை அல்ல; பெடலின் ஒரு விரற்கடை தூரத்தில் மொத்தமாகக் கவ்விக்கொள்ளும். அவினாசி சாலையில் மாலை நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டிக்கு அது ஒவ்வொரு சிக்னலிலும் உதறலைத் தரும், ஃபிளைவீலையும் வேகமாகத் தின்னும். ஒற்றை நிறை ஃபிளைவீல் என்பதால் அதிர்வை வாங்கிக்கொள்ள பிளேட்டின் நடுவிலுள்ள சிறு ஸ்பிரிங்குகள் மட்டும்தான் இருக்கின்றன. கவ்வல் கடுமையானால் அந்த அடி நேரே கியர் பாக்ஸுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் போகும். இதைவிட எனக்கு உறுத்துவது வேறு: முதல் கிட் இதே டார்க்கைத் தேயும்வரை தாங்கியிருக்கிறது. அதே கிட் இரண்டாம் முறை தாங்கவில்லை என்றால், இடையில் வேறு ஏதோ மாறியிருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் பெரிய கிட்டைப் போட்டால், மாறிய அந்த ஒன்று புதுக் கிட்டுக்குள்ளும் அப்படியே இருக்கும்.

கோவை லாரா எழுதியது:

பிளீடரைத் தளர்த்திப் பார்த்தேன், அழுத்தம் இல்லை. பெடலும் முழுமையாக மேலே வருகிறது. அடிப்பக்கம் காய்ந்த தூசு மட்டுமே இருக்கிறது, எண்ணெய் ஈரம் எங்கும் இல்லை. இரண்டு கிட்டுகளுக்கும் இடையில் ரீமேப் மாறவில்லை. நான் அறிந்தவரை மாறியது ஃபிளைவீல் கிரைண்டிங் மட்டும்தான்.

லேத்துப் பட்டறை எழுதியது:

தம்பி, அந்தக் கடைசி வரியை வைத்து ஒரு கேள்வி. உங்கள் ஃபிளைவீல் தட்டையானதா, படி உள்ளதா? அதாவது, கிளட்ச் பிளேட் உராயும் பரப்பும், பிரஷர் பிளேட் கவர் போல்ட் போட்டு உட்காரும் ஓரமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, ஏறி இறங்கி இருக்கின்றனவா? படி உள்ளதாக இருந்தால், உராயும் பரப்பில் எவ்வளவு எடுக்கிறோமோ அதே அளவை ஓரத்திலும் எடுத்தாக வேண்டும். எங்களிடம் வரும் ஃபிளைவீல்களில் முன்பு வேறெங்கோ கிரைண்டிங் ஆனவற்றை அளந்தால், பாதிக்கு மேல் இந்த ஓரம் தொடப்படாமலே இருக்கும். பளபளவென்று இருக்கும் பரப்பைப் பார்த்து வாடிக்கையாளரும் திருப்தியாக வாங்கிப் போய்விடுவார்.

ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் மட்டும் அரை மில்லிமீட்டர் எடுத்தால் என்ன ஆகும் என்றால், கவர் அதே இடத்தில் நிற்க, பிளேட் அரை மில்லிமீட்டர் உள்ளே போய்விடுகிறது. பிரஷர் பிளேட்டை அழுத்தும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, லைனிங் அரை மில்லிமீட்டர் தேய்ந்ததும் இதுவும் ஒன்றுதான். அந்த ஸ்பிரிங்கின் இயல்பு கொஞ்சம் விசித்திரமானது. லைனிங் தேயத் தேய, தொடக்கத்தில் அதன் அழுத்தும் விசை குறையாது, சற்றுக் கூடவே செய்யும். ஓர் உச்சத்தைத் தொட்ட பிறகுதான் சரியத் தொடங்கும். தயாரிப்பாளர் லைனிங்கின் முழு ஆயுளும் அந்த மேட்டுக்குள் அடங்கும்படி கணக்கிட்டிருப்பார். நீங்கள் புதுப் பிளேட்டோடேயே மேட்டின் நடுவில் தொடங்கியிருந்தால், போட்ட புதிதில் நன்றாகப் பிடித்திருக்கும், லைனிங் கொஞ்சம் தேய்ந்ததுமே விசை சரிவில் இறங்கியிருக்கும். புதிய கிட் சில மாதம் குறையின்றி ஓடியது என்று நீங்கள் எழுதியதோடு இது பொருந்துகிறது. இறக்கி அளந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

கோவை லாரா எழுதியது:

கியர் பாக்ஸை இறக்கிவிட்டோம். ஃபிளைவீல் படி உள்ளதுதான். தயாரிப்பாளரின் தாளில் கொடுத்திருக்கும் படியளவோடு டெப்த் கேஜ் வைத்து ஒப்பிட்டபோது, உராயும் பரப்பு 0.8 மி.மீ. கூடுதலாக இறங்கியிருக்கிறது. நான்கு இடங்களிலும் அதே அளவுதான். பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் இன்னும் 1.3 மி.மீ. லைனிங் மீதமிருக்கிறது, ஆனால் இரு முகங்களும் கண்ணாடிபோல் பளபளக்கின்றன. நகத்தால் கீறினால் கருந்தூள் உதிர்கிறது. பிரஷர் பிளேட்டின் வார்ப்பிரும்பு முகத்தில் கருநீல வளையம் விழுந்திருக்கிறது, மயிரிழை வெடிப்புகளும் தெரிகின்றன. ஸ்பிரிங் விரல்களின் நுனிகள் ஒரே மட்டத்தில் இல்லை. ஃபிளைவீல் பரப்பில் திட்டுகள் மறுபடி வந்திருக்கின்றன, வெடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. இந்நிலையில் பிளேட்டுக்கு லைனிங் மட்டும் அடித்து, மற்றதை அப்படியே பயன்படுத்தலாமா?

லேத்துப் பட்டறை எழுதியது:

லைனிங் அடிக்கும் தொழிலைக் குறைசொல்ல மாட்டேன். லாரிக்கும் டிராக்டருக்கும் இந்த ஊர்ப் பட்டறைகள் செய்யும் வேலை நல்ல வேலைதான். ஆனால் அந்த வண்டிகள் சுற்றும் வேகம் வேறு, 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகும் பெட்ரோல் எஞ்சின் வேறு. விலகு விசை சுற்று வேகத்தின் இருமடியில் ஏறுவதால், 3,000-ல் நிற்கும் லைனிங் 6,000-ல் நான்கு மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். எந்த வேகம்வரை உடையாது என்று சோதித்துச் சான்று தராத லைனிங்கை இந்த வண்டியில் போடுவது ஆபத்து. உடைந்தால் சிதறல் பெல் ஹவுசிங்கையும் பிளந்து வரக்கூடும், ஓட்டுபவரின் கால் அதற்குச் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. எனவே பிளேட்டைப் புதிதாகவே வாங்குங்கள்.

பிரஷர் பிளேட்டையும் விட்டுவிட வேண்டும். முகம் நீலமானால் கிரைண்டிங் செய்யலாம் என்பார்கள், ஆனால் முகத்தில் எடுக்கும் ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டரும் மறுபடியும் அதே ஸ்பிரிங்கைச் சரிவை நோக்கித் தள்ளும். விரல்கள் மட்டம் தப்பியிருப்பது, ஸ்பிரிங் சூட்டில் பதம் இழந்ததையோ, கவர் கோணலாக இறுக்கப்பட்டு வளைந்ததையோ காட்டுகிறது. இரண்டுமே சரிசெய்யக்கூடியவை அல்ல.

காப்பாற்றக்கூடியது ஃபிளைவீல். முதலில் சாய ஊடுருவல் சோதனை செய்து, போல்ட் துளைகளின் பக்கம் வெடிப்பு ஓடவில்லை என்று உறுதிப்படுத்துங்கள். திட்டுகள் இருக்கும் பரப்பை லேத்தில் பிடிக்க வேண்டாம். வார்ப்பிரும்பாக இருந்தால் சூடேறிய திட்டுகள் கடினமாகியிருக்கும். உளி அவற்றின் மேல் ஏறி இறங்கி, கண்ணுக்குத் தெரியாத மேடுகளை விட்டுவிடும், பிறகு கிளட்ச் விடும்போதெல்லாம் உதறும். கல் வைத்துச் சர்ஃபேஸ் கிரைண்டிங்தான் செய்ய வேண்டும். திட்டு மறையும் அளவுக்குப் பரப்பில் எடுத்தபின், படி தாளில் உள்ள அளவுக்கு வரும்வரை ஓரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கணக்கில் ஓரத்தில் 0.8-உடன் இப்போது எடுப்பதும் சேரும். மொத்தத் தடிமன் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் ஃபிளைவீலையும் கழித்துவிட வேண்டியதுதான். ஓரத்தில் எடுக்கும்போது கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின்களைக் கழற்றிவிட்டு, பிறகு சரியான உயரத்துக்கு அடிக்க வேண்டும். முடிந்ததும் பேலன்சிங் கட்டாயம்.

கோவை லாரா எழுதியது:

இவ்வளவு எடுத்தபின் கிளட்ச் முழுவதுமே எஞ்சின் பக்கம் நகர்ந்துவிடுமே ஐயா. ரிலீஸ் பேரிங் எட்டுமா?

லேத்துப் பட்டறை எழுதியது:

நகரும். உங்கள் கியர் பாக்ஸில் பேரிங்கும் ஸ்லேவ் சிலிண்டரும் ஒரே உருப்படியாக உள்தண்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தால், ஒரு மில்லிமீட்டர் அளவிலான நகர்வை அதன் பிஸ்டன் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அதைவிட அதிகமானால், பெல் ஹவுசிங் முகத்திலிருந்து விரல் நுனிவரை அளந்து, பிஸ்டன் பயணத்தோடு ஒப்பிட்டுவிட்டு மூடுங்கள். அந்த ஸ்லேவையும் இப்போதே புதிதாகப் போடுங்கள். அது பின்னால் கசிந்தால் மறுபடியும் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கிராங்க் பின்சீலும் அப்படித்தான்.

டர்போ திருச்சி எழுதியது:

அளவுகளைப் பார்த்த பிறகு, என் பரிந்துரையைப் போட்டிருந்தாலும் அதே 0.8 மி.மீ. அங்கேயே இருந்திருக்கும் என்பது புரிகிறது. ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. கிட்டின் பெட்டியில் 300 பவுண்ட்-அடி என்று போட்டிருந்தால் அது 407 நியூட்டன் மீட்டர். 335-க்கு அது போதுமான இடைவெளிதானா?

பற்சக்கரம் எழுதியது:

அந்த எண் எஞ்சினில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா என்பதை விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். எஞ்சினில் என்றால், 335-க்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி இருக்கிறது. சாலையும் அவ்வப்போது டிராக்கும் என்ற பயன்பாட்டுக்கு அது போதும். ஆனால் டைனோ தாளில் இருப்பது சீரான ஓட்டத்தின் டார்க். கியர் மாற்றிக் கிளட்ச்சைச் சட்டென விடும் கணத்தில், எஞ்சினும் ஃபிளைவீலும் சுழலும் வேகத்தோடு சேர்ந்து வரும் உச்சம் அதைத் தாண்டும். பூஸ்ட் இலக்கைத் தாண்டித் துள்ளும் கணமும் அப்படித்தான்.

இதற்கு ரீமேப் பக்கம் மலிவான ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான முதல் நிலை ரீமேப்புகள், இருக்கையில் அழுத்தும் உணர்வுக்காக, 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டியதுமே முழு டார்க்கையும் கொட்டிவிடுகின்றன. அந்த வேகத்தில் அதே டார்க் தரும் திறன் குறைவு. கிளட்ச்சுக்கு மட்டும் முழுச் சுமை. 3,000 ஆர்பிஎம்வரை டார்க்கை 300 நியூட்டன் மீட்டருக்குள் கட்டுப்படுத்தி, பிறகு படிப்படியாக ஏற்றும்படி டியூனரிடம் கேளுங்கள். 5,000 ஆர்பிஎம்மில் 300 நியூட்டன் மீட்டர் இருந்தாலே 210 பிஎஸ்ஸுக்கு மேல் வந்துவிடும். உச்சத் திறன் கீழே வெட்டியதால் குறையாது. கரி ஸ்பீட்வே 2.1 கிமீ நீளமுள்ள சிறிய ஓடுதளம். அங்கே 2,500 ஆர்பிஎம்மில் நான்காம் கியரில் மிதிப்பதைவிட மூன்றாம் கியரில் வளைவிலிருந்து வெளியேறுவதே வேகம்.

கோவை லாரா எழுதியது:

ஃபிளைவீலை அந்த முறையிலேயே கிரைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன். அதே தயாரிப்பாளரின் ஆர்கானிக் லைனிங் கொண்ட முழுக் கிட், புதிய ஸ்லேவ், பின்சீல், ஃபிளைவீல் போல்ட்டுகள் ஆகியவற்றைச் சொல்லியிருக்கிறேன். குறைந்த ஆர்பிஎம் டார்க்கைக் குறைக்க டியூனரும் ஒப்புக்கொண்டார். பொருத்தும்போது நான் அருகில் நின்று கவனிக்க வேண்டியவை எவை?

லேத்துப் பட்டறை எழுதியது:

புதுப் பரப்புகளின் துருத்தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகு யாரும் விரல் வைக்கக் கூடாது. உள்தண்டின் ஸ்பிளைனில் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, பிளேட்டை ஒருமுறை ஏற்றி இறக்கி, பிதுங்குவதைத் துடைத்துவிட வேண்டும். அள்ளி அப்பினால் சுழற்சியில் அது லைனிங்குக்கு வந்து சேரும். பிளேட்டில் ஃபிளைவீல் பக்கம் என்று குறித்திருக்கும் முகம் அந்தப் பக்கமே இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கவர் போல்ட்டுகளை ஏர் கன்னால் ஒவ்வொன்றாக முழுவதும் இறுக்கவிடாதீர்கள். எதிரெதிராக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். கவர் வளைவது பெரும்பாலும் இந்த ஒரு வேலையில்தான்.

பற்சக்கரம் எழுதியது:

பொருத்திய பிறகு, தயாரிப்பாளர் சொல்லும் தூரம்வரை நகரத்துக்குள் நிறுத்திப் புறப்படும் ஓட்டம் மட்டும் ஓட்டுங்கள். பெரும்பாலும் அது 500 முதல் 800 கிமீ. நெடுஞ்சாலையில் ஆறாம் கியரில் ஓட்டிய தூரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஏனெனில் கிளட்ச் உராயாத தூரம் பரப்பைப் படியவைக்காது. அதுவரை பழைய கம்பெனி மேப்பையே ஈசியூவில் (எஞ்சின் கணினியில்) ஏற்றி வைத்திருந்தால் கால் தவறினாலும் கவலையில்லை. பிறகு புது ரீமேப்பை ஏற்றி, அடுத்த டிராக் ஓட்டத்தில் நான்காம் கியர் பதிவை மறுபடி எடுத்து, 33 கடைசிவரை 33-ஆகவே நிற்கிறதா என்பதை இங்கே பதிவிடுங்கள்.